செம்பூர் சீஸும் ஹாம்பர்க் விருந்தாளியும்

ஜெர்மனிக்குப் போய் வந்தவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகள் ஏராளம். நான் போனது பாம்பேயில் இருக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும்தான். ஆனால் தேடிப்போனது, ஜெர்மனிக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கும் பண்டங்களுக்கான சாமான். இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும்.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் என் வீட்டுக்காரர் காசிம் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார். மேலே வீடு, கீழே பட்டறை, ஆறு தொழிலாளிகள். ஆர்டர் குறைந்து நான்கு மாதமாகப் பாதி மிஷின் சும்மா கிடந்தது. அந்த நேரத்தில்தான் ஹாம்பர்க்கில் கடை வைத்திருக்கும் ஊட்டா என்ற அம்மாள், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாம்பிள் பை பார்க்க வருகிறேன் என்றார்.

"பிரியாணி போட்டிருவோம்ளா" என்றார் இவர்.

"அவங்க போற பட்டறையெல்லாம் பிரியாணிதான் போடுவாங்க. நான் அவங்க ஊர்ச் சாப்பாடு செய்யப் போறேன்."

வீடியோ பார்த்து மூன்று பண்டம் முடிவு செய்தேன். ஒன்று ஒபாட்ஸ்டா. மெத்தென்ற சீஸை வெண்ணெய், வெங்காயம், மிளகாய்த்தூளோடு பிசைவது. அதில் பீர் ஊற்றுவார்கள். நான் மோர் என்று தீர்மானித்தேன். அடுத்தது உப்புப் போட்டுப் பிழிந்த முள்ளங்கி. மூன்றாவது, ஆப்பிள் மசியலோடு உருளைக்கிழங்கு அடை.

அந்தச் சனிக்கிழமை காலை 11.15க்குக் கிளம்பினேன். செம்பூரில் பெரிய கடைக்குப் போகிறோமே, கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று பட்டறை ஆணியில் தொங்கிய தேன்நிறத் தோல்பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். மாட்டுங்காவுக்கு ஆட்டோ வராது, டாக்ஸிதான். மூன்று கிலோமீட்டர், 62 ரூபாய். மார்க்கெட்டில் முள்ளங்கியும் ஆப்பிளும் வாங்கி, கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம் நடை. வடாலாவில் வண்டி மாறி செம்பூர். டிக்கெட் பத்து ரூபாய்.

சீஸ் 125 கிராம் டப்பா இரண்டு, 560 ரூபாய். பச்சைப் புள்ளி இருந்ததால் ஹலால் கவலை இல்லை. "ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்காதீங்க" என்று கடைக்காரர் சொன்னார். தலையாட்டிவிட்டுத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டேன். செம்பூர் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் வண்டி வரவில்லை.

வண்டியில் லேடீஸ் பெட்டி நிறைந்திருந்தது. இரண்டு நிமிஷத்தில் என்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் பிறந்தது. ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோக, அவர் சீட்டில் நான் உட்கார்ந்தேன். குர்லாவில் மாறி சயானில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், 26 ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "மேடம், அந்தர் கோயி மர் கயா கியா?" என்றார். பைக்குள் யாராவது செத்துவிட்டார்களா என்கிறார்.

2.40க்கு வீடு. நான் மாடி ஏறிய ஐந்தாவது நிமிஷம் கீழே ஒரே சத்தம். இவரும் ஆறு பேரும் தோல் கட்டுகளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, எலி எங்கயோ செத்துக் கெடக்கு! அந்தம்மா வர நேரமா பாத்து!"

"எலி இல்லைங்க. சீஸ்" என்று பையைக் காட்டினேன்.

அவர் சீஸைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். "இதுதாம்ளா சாம்பிள்" என்றார்.

டப்பா கசிந்து உள்துணி முழுக்க நெய்ப்பசை. இன்னொன்று தைக்க இரண்டு நாளாகும். சோடா மாவு தடவினோம், ஃபேனடியில் வைத்தோம், ஒரு தொழிலாளி அத்தர் தெளித்தார். அதற்கப்புறம்தான் நிஜமாகவே தாங்க முடியாமல் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மிஞ்சிய சீஸைப் பிசைந்தேன், உருளைக்கிழங்கு துருவினேன். ஞாபகமில்லாமல் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டுவிட்டேன்.

ஊட்டா சரியாக ஐந்துக்கு வந்தார். தட்டில் ஒபாட்ஸ்டாவையும் முள்ளங்கியையும் பார்த்து முழித்தார். பிறகு சிரித்தார். "இது பவேரியாச் சாப்பாடு. தெற்கே. நாங்கள் வடக்கு. இதை நான் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் சாப்பிட்டிருக்கிறேன்" என்றார் இங்கிலீஷில்.

இவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "மேடம், சேம் ப்ராப்ளம்! ஐ திருநெல்வேலி. பாம்பே பீப்பிள் ஆல் சேயிங் மதராசி!"

அவர் சிரித்து முடிப்பதற்குள் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: சாம்பிளில் சீஸ் கொண்டுவந்தது நான், தப்பு என்னுடையது, தையலைக் குறை சொல்லாதீர்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊட்டா பைக்குள் மூக்கை விட்டார், சட்டென்று எடுத்தார். பிறகு விளக்கடியில் கொண்டுபோய் அடிப்பக்கத்தையும் மூலைகளையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். உள்ளே அவ்வளவு கொட்டியும் தையல் வழியாக ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தோலில் கறையே இல்லை.

"இந்தப் பரீட்சையை வேறு எந்தப் பட்டறையும் எனக்குக் காட்டியதில்லை" என்றார். அறுபது பைக்குச் சொல்லிவிட்டு, பச்சைமிளகாய் அடையில் ஐந்தைக் கண்ணீர் வடியத் தின்றுவிட்டுத்தான் போனார்.

கிளம்புகிறவர்களுக்கு: சீஸுக்கு மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், விருந்தாளி எந்த நாடு என்று கேட்பதோடு நிறுத்தாமல் எந்த ஊர் என்றும் கேளுங்கள். ஹாம்பர்க்கில் மீன்தான் பிரியமாம். போகும்போது வாசலில் நின்று சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து கோலிவாடா மீன் மார்க்கெட் பத்து நிமிஷ நடை.