மாவுக்கட்டோடு ஒரு தவக்காலம்

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வந்தால், அந்தப் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டோம். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். எனக்கும் என் சிநேகிதிக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இப்படித்தான் வருஷக்கணக்கில் போய் வந்துகொண்டிருந்தது. ரம்ஜானில் நோன்புக் கஞ்சியோடு வரும். கிறிஸ்துமஸில் முறுக்கும் அதிரசமுமாகப் போகும். வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அனுப்பினால்தான் எனக்கு மனசு அடங்கும். அதைத் தாராள குணம் என்று நானே எனக்குப் பட்டம் கட்டி வைத்திருந்தேன். அவள் மட்டும், "உனக்கு ஒருத்தர் கையால ஒண்ணு வாங்கிக்கத் தெரியாதுடி" என்று சிரிப்பாள்.

அவளுக்கு மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் கிடைக்கும். புருஷன் குவைத்தில். என் புருஷன் கல்லறையில். நான் உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் விட்டும் நானே இறங்கியும் உப்பு வாரிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின எங்கள் தவக்காலமும் அவளுடைய ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்தன. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து கொஞ்ச நாளில், வரக்கூடாத மழை ஒன்று வந்தது. வாரிக் குவித்த உப்பை மூடத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினேன். வழுக்கியது. இரண்டு கையையும் ஊன்றி விழுந்தேன். தார்ப்பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணெதிரே குவியல் கரைந்து வாய்க்காலில் போனது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கட்டும் உடைந்திருக்கிறது என்று சொல்லி, விரல்களையும் சேர்த்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கை இல்லாத மனுஷி என்னவெல்லாம் செய்ய முடியாது என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. தாழ்ப்பாள் போட முடியாது. மூக்கு அரித்தால் சுவரில் தேய்க்க வேண்டும். சிலுவை அடையாளம் வரைகிறேன் என்று மாவுக்கட்டால் நெற்றியில் இடித்துக்கொண்டு, ஆண்டவரே என்று கத்தியதுதான் அன்றைய ஜெபம். மகள் சென்னையில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஓடி வந்தாள், அழுதாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று திரும்பிப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் காலையில் சிநேகிதி வந்து நின்றாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தலை வாரினாள், முகம் கழுவினாள். கழிவறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, கழுவியும் விட்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். செத்துப்போகலாம் என்றிருந்தது. அவளோ சோப்பு விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூக்குவாளியோடு வருவாள். விடியுமுன் ஒரு வாய் சாப்பிட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல், மார்ச் மாத வெயிலில் நடந்து வந்து எனக்குச் சோறு ஊட்டினாள். நோன்பு நேரத்தில் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். அதனால் ஒரு நாள் கடல் தண்ணீர், ஒரு நாள் சப்பு. உப்பளத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் உப்பில்லாச் சோற்றை விழுங்கினேன்.

"உப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லேன்டி. ஏன் மூஞ்ச அப்பிடி வச்சினு கீற?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதவ வாய ஏன் இப்பிடிக் கடிச்சினு கீற? ஆ காட்டு."

அவளுடைய உதடு வெடித்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒவ்வொரு கவளமும் உள்ளே போகும்போது, இதற்கெல்லாம் நான் என்ன செய்து ஈடுகட்டப் போகிறேன் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தூக்குவாளி தினமும் நிறைந்து வந்தது. தினமும் அவளே கழுவி, வெறுமையாக எடுத்துக்கொண்டு போனாள். அந்த வெறும் வாளி அவள் கையில் ஆடிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடையில் சர்க்கரை வாங்கி வரச் சொன்னேன். சிநேகிதி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் அதைக் கழுவி வைத்த தூக்குவாளியில் கொட்டி மூடிவிட்டுப் போனாள். சிநேகிதி கிளம்பும்போது வாளியைத் தூக்கினாள். கனத்தது. திறந்து பார்த்தாள்.

"இன்னாடி இது?"

"வெறும் வாளிய எப்பிடிக் குடுத்து அனுப்பறது?"

"கூலியா?"

அவ்வளவுதான் கேட்டாள். கத்தியிருந்தால் பரவாயில்லை, நானும் கத்தியிருப்பேன். வாளியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அவள் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் பல் தேய்த்துவிட்டு, டீ கொடுத்துவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானமும் சிநேகிதி வரவில்லை. அவளைப் போக்கடித்துவிட்டேன் என்று தெரிந்துபோனது. எத்தனையோ வருஷ சிநேகிதத்தைச் சர்க்கரை போட்டுக் கெடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தாகம் எடுத்தது. தண்ணீர்க் குடம் எதிரிலேயே இருந்தது. மூடிமேல் இருந்த டம்ளரை இரண்டு மாவுக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கப் பார்த்தேன். உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து வாயை வைக்கலாம் என்றால், குடத்தை எங்கே கவிழ்த்துவிடுவேனோ என்று பயம். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. தோளால் தள்ளினால் திறக்கும். தெருவில் ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் யாராவது வந்து தண்ணீர் கொடுத்திருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. அந்த வெயிலில், நாக்கு அண்ணத்தில் ஒட்ட, ஒரு மகாராணி போல உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அது உறைத்தது. முந்தின ஞாயிறு பூசை முடிந்து கோயில் சாமியார் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். கையில் வாங்க முடியாது என்பதால் வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. ஆண்டவருக்குத் திருப்பி என்ன அனுப்புவது என்று யோசிக்கவும் இல்லை. சின்ன வயசிலிருந்து அப்படி வாங்கியே பழக்கம். ஆனால் அதே வாய், பசியோடு நிற்கிற ஒருத்தி கவளத்தை நீட்டினால் மட்டும் இறுகிக்கொள்கிறது. ஆண்டவர் வேறு எந்தக் கையால் எனக்குச் சோறு போடுவார் என்று நினைத்தேனோ தெரியவில்லை. இது புரிந்துவிட்டதால் தாகம் தணிந்துவிடவில்லை. அவளும் வந்துவிடவில்லை. சத்தம் போட்டு அழுதேன், கண்ணைத் துடைக்கவும் ஆள் இல்லை.

வெயில் இறங்கி வீட்டுக்குள் இருட்டு கட்டும் நேரத்தில் கதவு திறந்தது. அவள்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"காலைல இங்க வர்றதுக்கு மின்ன கடைக்குப் போனேன், அங்கியே தலை சுத்தி உக்காந்துட்டேன்டி. பக்கத்துக் கடைக்காரரு ஊட்ல கொணாந்து வுட்டாரு. படுத்தவதான், இப்பத்தான் கண்ணு முழிச்சேன். நீ எதனா சாப்ட்டியா?"

"நான் நெனச்சேன்... நீ கோவிச்சினு..."

"கோவந்தான். கோவம் வேற, சோறு வேற. தண்ணியாவது குடிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினேன். தரையில் குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த டம்ளரை எடுத்தாள். நான் அந்தப் பகல் முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்கு அதிலேயே தெரிந்திருக்கும். டம்ளரைக் கழுவி, குடத்தில் மொண்டாள். அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கும் நேரம். எழுந்ததும் நேரே என்னிடம் ஓடி வந்திருக்கிறாள். ஒரு பேரீச்சம்பழம்கூட எடுத்து வரவில்லை.

"நீ குடி மொதல்ல. நோன்பு தொற" என்றேன்.

"நீ குடிடி."

"உன் கால்ல விழறேன், நீ குடி."

விழுவதற்கும் என்னை அவள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுந்து அவள் கையைப் பிடித்து டம்ளரை அவள் வாய்ப்பக்கம் தள்ளக்கூட என்னிடம் விரல் இல்லை. அவள் என் தாடையைப் பிடித்து டம்ளரை என் உதட்டில் வைத்தாள். பாதி என் மார்பில் சிந்தியது. வாயைத் திறந்தேன். குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் விடாமல் எனக்குக் கொடுத்த பிறகுதான், தனக்கென்று மொண்டாள்.

பிறகு அலமாரியைப் பார்த்தாள். தூக்குவாளியை எடுத்து, அதிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் போட்டு, விரலாலேயே கலக்கி, பிஸ்மி சொல்லிக் குடித்தாள். என் வீட்டுத் தண்ணீர்தான், நான் வாங்கிய சர்க்கரைதான். கொடுத்தது நானில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

கட்டுப் பிரித்த பிறகும் வலது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. பாத்திகளை வேறொருவர் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். இப்போதும் யாராவது எனக்கு ஒன்று செய்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. அது போகவில்லை, போகும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அன்றைக்கு அவள் ரசம் வைத்து, சோறு ஊட்டி, என்னைப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினாள். கிளம்புமுன் மிச்சச் சர்க்கரையை என் டப்பாவில் கொட்டி, தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். போய் வா என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாளி வெறுமையாகவே போனது.