மேல்வீட்டுத் தக்காளியும் என் சுத்தமான தண்ணீரும்

இரும்புலியூரில் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. கூட்டத்துக்கு நான் போகாத நாளாகப் பார்த்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

மேல்வீட்டு அக்கா, மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, மொட்டைமாடித் தக்காளிச் செடிகளை என்னிடம் ஒப்படைத்தார். போன வருஷச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிச் செத்தன. வாடல் நோய். இந்த முறை சூடோமோனாஸ் பொடி வாங்கி வைத்திருந்தார். வேரைச் சுற்றிக் குடியிருந்து நோய்க் கிருமியை அண்டவிடாத நல்ல பாக்டீரியா.

“வாராவாரம் தண்ணியில கரைச்சு வேர்ல ஊத்துங்க சார். இந்தத் தடவையும் வாடிச்சுன்னா தொட்டியெல்லாம் காலி பண்றதா இவர்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன்.”

‘இவர்’ பக்கத்தில் நின்று சிரித்தார். அந்த இடத்தில் ஷெட் போட்டு உடற்பயிற்சி சைக்கிளை நிறுத்த அவருக்கு ஆசை.

நான் பாக்டீரியாவைப் பற்றி ஒரு தடிப் புத்தகமே படித்தேன். அதுவும் ஓர் உயிர், பக்குவமாக நடத்த வேண்டும் என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன். அந்த வாரமே, குழாயில் புழு வருகிறது என்று கீழ்வீட்டில் புகார். மாடி டேங்கில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டினேன். சாயங்காலம் அதே தண்ணீரை வாளியில் பிடித்துப் பொடியைக் கரைத்தேன். நீச்சல்குள வாசனை அடித்தது. சுத்தமான தண்ணீர் என்று பெருமையாகக்கூட இருந்தது. புகார் ஓயும்வரை பவுடரும் தொடர்ந்தது, என் செடிச் சேவையும்.

ஒரு காலையில் செடிகள் தலை தொங்கி நின்றன. வாளியை முகர்ந்தபோதுதான் உறைத்தது: புழு பிழைக்காத தண்ணீரில் பாக்டீரியா மட்டும் எப்படிப் பிழைக்கும்?

அக்கா திரும்பி வந்து தண்டைத் தடவிப் பார்த்தார். “நல்ல மருந்துதான். என் கைராசிதான் சரியில்ல போலிருக்கு.”

“ம்” என்றேன். இத்தனை வருஷம் கதை எழுதியதில் ஆகக் கேவலமான என் படைப்பு அந்த ஓர் எழுத்துதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கணவர் கூப்பிட்டார். “சார், ஒரு கை பிடிங்க. எல்லாத்தையும் கீழ இறக்கிடலாம்.” பிடித்தேன். அக்கா செடிக்குக் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துப் பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்குமேல் தொட்டியைத் தூக்க முடியவில்லை, கனம் காரணமில்லை.

“அண்ணா, அக்கா கைராசி இல்ல. நான் பிளீச்சிங் தண்ணியில மருந்தக் கரைச்சு ஊத்தினேன். பாக்டீரியா வாளியிலயே செத்திருக்கும்.”

“இதை இப்பவா சொல்றது? சைக்கிளுக்கு அளவெடுத்துட்டேனே சார்!”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. “கைராசின்னு சொன்னப்போ சும்மா நின்னீங்களே சார்” என்றார். பிறகு கணவரிடம், “இந்தத் தடவை ஆட்டத்துல சேர்த்தியில்ல. தொட்டிய அங்கயே வைங்க. மண்ண மாத்திட்டு மறுபடி நடறேன்.”

“அடுத்த மாசம் பேரனைப் பார்க்கப் போறியே, யார் தண்ணி ஊத்தறது?”

“நீங்கதான்.”

செடி எப்போது சாகும் என்று காத்திருந்த மனிதர் அவர். என்னைவிட அவரே மேல் என்று அக்கா முடிவு செய்ததில் எனக்கு ஆட்சேபமில்லை.