வளையம் விழாத வில்லை

லோயிஸ் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் கண்முன்னாலேயே பாலை மோந்து பார்ப்பாள். சித்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய், மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. கிருமி பூசிய தட்டில் சாறு தோய்த்த காகித வில்லையை வைப்பாள். சாறு வேலை செய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சாறே படாத வில்லை ஒன்றும் கட்டாயம் இருக்கும். அந்த வேலைக்கு இவளைவிடப் பொருத்தமான சந்தேகப்பிராணி கிடைக்கமாட்டாள்.

கணவர் தியோடருக்குக் காலில் சர்க்கரைப் புண். விரலை எடுக்கவேண்டி வரலாம் என்றார் டாக்டர். மனிதர் பயந்துபோய், சபைப் போதகர் ஜெபசிங் ஜெபித்துக் கொடுக்கும் குப்பைமேனிக் களிம்பைப் பூச ஆரம்பித்தார். புண் ஆறிவிட்டது! கடவுளே குணமாக்கினார் என்று ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லவும் ஒப்புக்கொண்டார். அதைக் கேள்விப்பட்டு, சபையில் அதே புண்ணோடு இருந்த கமலம்மா அந்தக் களிம்பை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஜெபசிங் ஏதோ மாத்திரையைக் கலக்கிறார் என்று அடித்துச் சொன்னது லோயிசின் மனது. வீட்டில் தியோடர் பூசிவந்த களிம்பையும், ஜெபசிங்கிடம் வாங்கிய புது டப்பியையும் தட்டில் வைத்துச் சோதித்தாள்.

வீட்டுக் களிம்புக்கு அகலமான வளையம். புது டப்பிக்கு ஒன்றுமே இல்லை. ஜெபசிங் எதையும் கலக்கவில்லை. அப்படியானால் கலந்தது வீட்டில்தான். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

"இதில இன்னா கலந்தீங்க?"

தியோடர் திருதிருவென முழித்தார். "டாக்டர் குடுத்த கேப்சூல ஒடைச்சி கொட்டிக்கினு இருந்தேன். முழுங்கலியே! முழுங்கினாத்தான நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்?"

"சாட்சில இத்தயும் சொல்லுங்க."

"சொல்லிட்டு ஜெபசிங் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

இவர் சொல்லமாட்டார் என்று லோயிசுக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தியோடர் எழுந்து, "மருந்து மாத்திரை எதுவும் இல்லாம..." என்று தொடங்கினார். பெண்கள் பக்கத்தில் லோயிஸ் எழுந்து நின்றாள். சாட்சிக்கு நடுவே அந்தச் சபையில் யாரும் அப்படி நின்றதில்லை. அவளைப் பார்த்ததும் தியோடரின் குரல் இறங்கியது.

"கேப்சூலும் கலந்தேன். மன்னிச்சிக்குங்க."

கமலம்மா பையிலிருந்து தன் டப்பியை எடுத்தாள். "அப்போ இதுல இன்னாம்மா கீது, லோயிசு?"

"எலதான் கமலம்மா. வெறும் எல."

கமலம்மா மெதுவாகக் குனிந்து கால்கட்டை அவிழ்த்தாள். விரல் கறுத்திருந்தது.