தீவு ரத்தம்

“அரே, ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழ மாட்டியே? உங்க வீட்டுல பள்ளிக்கூடம் போனதே நீதானாமே?” தீவு ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் சீனியர், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைக் கேட்டார்.

அவருக்குக் கஞ்சி போட்ட சட்டை, எண்ணெய் வழியும் தலை. உறைதல் சோதனைக்கு ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் கரைசல் சேர்க்க வேண்டும். அவரோ சாம்பாருக்கு உப்புப் போடுவதுபோல் கண்ணளவில் ஊற்றுவார். கரைசல் கூடினால் ரத்தம் தாமதமாக உறையும். இப்படியே ‘ரத்தம் உறையத் தாமதம்’ என்று முடிவு வந்து, வண்டூர் மீனவர் ஒருவரின் குடலிறக்க ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. அடுத்த கப்பலில் அவரை மெயின்லேண்டுக்கு அனுப்பப் பேச்சு.

“அளந்து ஊத்தலாமே சார்.”

“இருபது வருஷம் பழகின கை இது. உப்புக்காத்துல தீவு ரத்தம் லேட்டாத்தான் உறையும்.”

“அப்ப உங்க ரத்தத்தையும் பார்ப்போமா?”

ஒரு குழாயில் அவர் கரைசலை ஊற்றினார். மற்றதில் நான் பிப்பெட்டில் அளந்து விட்டேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டியவர், ஊசி இறங்கியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ரத்தத்தை இரண்டிலும் விட்டுச் சோதித்தபோது என் குழாயில் இருந்தது நேரத்துக்கு உறைந்தது. அவர் குழாயில் இருந்தது தண்ணீராய் ஆடிக்கொண்டிருந்தது.

“கப்பல்ல உங்களுக்கும் ஒரு சீட் சொல்லட்டுமா சார்?”

“உன் குழாய்ல ஏதோ கோளாறு,” என்றார்.

பிப்பெட்டைத் தொடுவது அவருக்கு ஏன் அத்தனை அவமானம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. மீனவரின் ரத்தத்தை நானே அளந்து சோதித்து, ‘சரியாக உறைகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு சர்ஜனிடம் கொடுத்துவிட்டேன்.