இரண்டரை நூல்

படகு வைத்திருப்பவனிடம் படகைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். அதை இழுத்துப்போகும் இரும்பைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதானே" என்பான். எங்கள் லூசியானா சதுப்புக் கரையில் வீட்டுக்கொரு படகு உண்டு. கூடவே இப்படிச் சொல்லும் ஓர் அசடும் உண்டு.

அந்த அசடுகளோடு இருபத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டியவர் க்ளோவிஸ் வெர்டின். டட்லியின் டிரெய்லர் சாமான் கடையில் அவருக்கு ஒரே வேலை. டிரக்கின் பின்னால் செருகும் இரும்புத் தண்டையும் அதன் மேல் உட்காரும் குண்டையும் ஆளுக்கு ஏற்றபடி எடுத்துக் கொடுப்பது. அதே கடையில் நான் பில் போடுகிறவள்.

யாராவது வந்து "ஒரு குண்டு குடு க்ளோவிஸ்" என்றால் உடனே கொடுத்துவிட மாட்டார்.

"டிரெய்லர் எங்க?"

"வீட்டுல நிக்குது."

"அப்ப வீட்டுக்குப் போ. முன்னால குண்டைக் கவ்வுற வாய் இருக்கும்ல, அது மேல அளவு அடிச்சிருப்பான். படிச்சிட்டு வா."

"யோவ், ரெண்டு இஞ்சுய்யா. எங்க அப்பன் காலத்துலேருந்து ரெண்டு இஞ்சுதான்."

"உங்க அப்பன் வச்சிருந்தது தகரத் தோணி. நீ இழுக்கிறது மூணரை டன். போய்ப் படிச்சிட்டு வா."

திட்டிக்கொண்டே போவார்கள். அங்குலச் சாமியார் என்று அவருக்குப் பட்டப்பெயர். டிரெய்லரோடு வந்தவர்களுக்குச் சிப்பி ஓடு பரப்பிய வாசலில் மண்டியிட்டு அளப்பார். டிரக் உயரமாக இருந்தால் தண்டு எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று பார்ப்பார். மூக்கைத் தூக்கியபடி போகும் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும் என்பார். கடைசியில் பூட்டிவிட்டு, பூட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்க டிரெய்லரின் முன்காலை ஜாக்கியால் உயர்த்துவார். டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் விடுவார்.

கனமான டிரெய்லரின் வாய் இரண்டு அங்குலமும் இரண்டரை நூலும் இருக்கும்; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அதற்குள் இரண்டு அங்குலக் குண்டும் போகும். பூட்டவும் பூட்டும், 'டக்' என்று சத்தமும் வரும். சமதரையில் பத்து மைல்கூடப் போகும். "பெரிய செருப்பைப் போட்டு நடக்கலாம், ஓட முடியாது" என்பார் க்ளோவிஸ். முதல் மேட்டில் வாய் குண்டை உதறிவிட்டு எழும்பும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அளந்தவர் யாரோ அவர் பெயரின் முதல் எழுத்துகளை விற்பனைச் சீட்டில் போட வேண்டும். க்ளோவிஸின் எழுத்து இருந்தால் ஜனங்கள் கேள்வி கேட்காமல் கிளம்புவார்கள். முதலாளி டட்லிக்கு அது நன்றாகத் தெரியும்.

வளைகுடாவில் புயல் திரண்ட அந்த ஆகஸ்டில் ஊரே படகுகளை வடக்கே இழுத்துப்போகக் கிளம்பியது. காலையிலிருந்து வாசலில் வண்டி வரிசை. க்ளோவிஸ் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மத்தியானத்தில் பெரிய குண்டுகள் தீர்ந்துபோயின. அப்போதுதான் பெலங்கர் என்றொருவன் வந்தான், போன மாதம் வாங்கிய கனமான புதுப்படகோடு. க்ளோவிஸ் வரிசையின் கடைசியில் யாருடைய டிரக்குக்கோ அடியில் கிடந்தார்.

டட்லியே ஓர் இரண்டு அங்குலக் குண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பூட்டினார். 'டக்' என்றது.

"பாத்தியா? பூட்டிருச்சு."

"க்ளோவிஸ் பாக்க வேணாமா?"

"அவன் பாத்துட்டுத்தான் எங்கிட்ட சொல்லி அனுப்பினான். கிளம்பு, மழை வருது."

உள்ளே வந்து என் எதிரிலேயே சீட்டில் க்ளோவிஸின் எழுத்துகளைப் போட்டார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"என்ன எர்லீன், பில்லப் போடு."

போட்டேன்.

கால்வாய்மேல் இருக்கும் மேட்டுப் பாலத்தில் டிரெய்லர் கழன்றது. பாதுகாப்புக்குப் போடும் சங்கிலியும் தாங்கவில்லை. படகோடு பின்னால் உருண்டு, மேலே ஏறி வந்த நோலா ஷேசனின் காரில் மோதியது. நோலா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

புயல் கடந்த நாலாம் நாள் இன்ஷூரன்ஸ்காரன் வந்து சீட்டைக் கேட்டான். டட்லி அதை க்ளோவிஸ் முன்னால் வைத்தார். க்ளோவிஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அறுபது வண்டி பார்த்த மனிதர்.

பிறகு என் மேஜைக்கு வந்தார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"எர்லீன், எனக்கு இந்த வண்டி ஞாபகமே வரல. எழுத்துகூட என்னது மாதிரி இல்ல. நீ இங்கதான இருந்த? இத நானா பாத்தேன்?"

டட்லி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். என் புருஷன் எண்ணெய்க் கிணற்று மேடையில் முதுகெலும்பை ஒடித்துக்கொண்டு வந்து வீட்டில் படுத்திருந்தான். அவனுடைய வைத்தியம் இந்தக் கடையின் காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சாக்கென்று சொன்னால் சாக்குத்தான்.

"நீங்கதான் பாத்தீங்க, மிஸ்டர் க்ளோவிஸ்."

தலையை ஆட்டினார். என்னை நம்பினார். பொய் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் உடைந்திருப்பேன். பாவி மனுஷன், "சரிம்மா" என்றார்.

அன்றே வேலையை விட்டார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நோலாவின் கட்டிலருகே மண்டியிட்டாராம். அதன்பின் ஆறு வருஷம், சனிக்கிழமை தவறாமல் அவள் வீட்டுப் புல்லை வெட்டினார், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டார். யாராவது டிரெய்லர் பற்றி யோசனை கேட்டால் "என்னைக் கேக்காதே, என் கண்ணு சரியில்ல" என்பார். அந்தக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

டட்லி இன்னொரு கடை திறந்தார். என் புருஷன் எழுந்து நடந்தான். நான் அதே மேஜையில் இருக்கிறேன்.

போன ஜனவரியில் க்ளோவிஸ் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களின் சாப்பாட்டுக்கு டட்லி ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்பியிருந்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபோது நோலா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் எர்லீன். அந்த மனுஷன்தான் தன்னை மன்னிக்கவே இல்ல. நீ கூட வேல பாத்தவ, சொல்லு. இவ்வளவு கவனமான ஆளு அன்னிக்கி எப்படித் தப்பா அளந்தாரு?"

அவர் அங்கே பெட்டிக்குள் கிடந்தார். இனி யாரும் எதையும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. டட்லிக்குக்கூட நான் பயப்பட வேண்டியதில்லை.

"அன்னிக்கி ரொம்பக் கூட்டம், நோலா" என்றேன்.