மெயின் வயரைத் தொட்டுப் பார்ப்பவர்

என் கணவர் இறந்த வருடம் எங்கள் பேட்டையின் கிறிஸ்துமஸ் விளக்குக்கு எங்கள் வீட்டுப் பல்பை நான் கொடுக்கவில்லை. மனம் வரவில்லை. திருவிழா அன்று பார்த்தால், விளக்கில் எங்கள் இடத்தில் ஒரு நீலப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆர்செனியோ அண்ணனிடம் கேட்டேன். "மிச்சம் கெடந்துச்சு தங்கச்சி," என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊரான சான் பெர்னாண்டோவில் ஒவ்வொரு பேட்டையும் வீட்டு உயரத்துக்கு நட்சத்திர விளக்கு கட்டிப் போட்டிக்கு இழுத்துப் போகும். எங்கள் விளக்குக்கு மின்சார வேலை இவர்தான். சட்டைப் பையில் ஜெபமாலையும் டெஸ்டரும் பின்னிக் கிடக்கும். பேச்சுக்கு நடுவே ஜெனரேட்டரிலிருந்து வரும் மெயின் வயரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பல்பு கொடுப்பது எங்களுக்கு நேர்ச்சை. திருப்பி அனுப்பினால் வேண்டுதலையே திருப்பி அனுப்பியது போல. போன வருடம் போட்டி நாள் காலைவரை பல்பு வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. மெயின் வயர் சுட ஆரம்பித்தது; இப்படியே கிளம்ப முடியாது என்றார் அண்ணன். விளக்கு முழுக்கக் காகிதம். அதை இழுப்பதோ எங்கள் பிள்ளைகள்.

"இத்தனை மாட்டியும் பழசு ஒண்ணும் மங்கலியே. அப்புறம் என்னண்ணே?" என்றார் ஊர்த்தலைவர் மனலாங்.

"மங்காததுதான் வம்பே. ஒவ்வொரு பல்பும் தனி வழி. பக்கத்துப் பல்போட பங்கத் தொடாது, தனக்கு வேண்டியத தானே இழுத்துக்கும். வழி கூடக்கூட மொத்தத் தடை கொறையும், கரண்டு ஏறும். அம்புட்டும் இந்த ஒத்த வயர்லதான வரணும்?"

"வயசாயிருச்சு, பயந்துட்டேன்னு சொல்லுங்க."

"ஆமா. நீங்க வேணா வயரப் பிடிச்சுக்கிட்டே நடந்து வாங்க."

தலைவர் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார். "சரி, கடைசியா வந்ததெல்லாம் கழட்டிருங்க."

கடைசியாக வந்தவள் ரொசாரியோ. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பல்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"ஒண்ணையும் கழட்டப்போறதில்ல," என்றார் அண்ணன். "ஜெனரேட்டருக்குத் தெம்பு இருக்கு. வயருக்குத்தான் இல்ல."

ஜெனரேட்டரிலிருந்தே இன்னொரு மெயின் வயர் இழுத்து, பாதிப் பல்புகளை அதற்கு மாற்றி, தனி பியூஸும் போட்டார். நான் கொண்டுபோன சோற்றை நின்றபடியே சாப்பிட்டார். விளக்கை ஏற்றி வெகுநேரம் விட்டுப் பார்த்தோம். இரண்டு வயரும் சுடவில்லை.

சாயங்காலம் விளக்கு கிளம்பியது. கூட்டத்தில் ரொசாரியோ தன் பல்பைப் பார்த்துக் கும்பிட்டபடி நடந்தாள். அண்ணன் பின்னால் ஜெனரேட்டர் வண்டியோடு வந்தார். மறுநாள் ஊரை விட்டு, கடல் தாண்டிச் செபுவில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறவர்.

"இன்னிக்காவது முன்னாடி போய் ஒரு தடவை பாருங்கண்ணே," என்றேன்.

"முன்னாடி என்ன தங்கச்சி இருக்கு, வெளிச்சந்தான? வயரெல்லாம் இங்கதான இருக்கு."