சீணத்துக்குக் காப்பீடு கிடையாது

ஓலைப்புரை நின்ற இடத்தில் மாடி வீடு எழுப்பினேன். பாறை என்று எல்லாரும் கைவிட்ட மண்ணில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். எங்கள் ஊரான அருமனையில் ரப்பர் ஷீட் அடிக்கச் சொந்தமாக மெஷின் போட்டேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது இதெல்லாம். ஊர் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு.

என் தம்பி ரப்பர் வெட்டுக் கூலிக்காரன். போன மழைக்காலத்தில் அவனுக்கு உறக்கம் போயிற்று, பேச்சும் நின்றது. ஒருநாள் பால் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்றான். கத்தியைப் பிடுங்கினது நான். அண்ணன் காசில் மருந்து வேண்டாம் என்று முரண்டு பிடித்தான். “எனக்க காசு இல்லலே, அரசாங்கக் காப்பீட்டு அட்டை” என்று சொல்லித்தான் ஆட்டோவில் ஏற்றினேன். அட்டை செல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். திரும்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் மதுரைப் பக்கம். “அவருக்கு என்ன பண்ணுது?” என்றாள்.

தம்பி பெண்டாட்டி முந்திக்கொண்டாள். “சீணம்.”

“அப்படின்னா?”

“களைப்பு, மேடம். வேற ஒண்ணுமில்ல.”

எங்கள் பக்கம் வெயிலில் வேலை செய்தவனுக்கும் சீணம், காய்ச்சல் விட்டவனுக்கும் சீணம், மனம் கெட்டவனுக்கும் சீணம். சொல்கிற முகத்தைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வோம். மதுரைக்காரிக்கு எப்படித் தெரியும்?

“களைப்புக்கெல்லாம் பெட்ல சேர்க்க இன்சூரன்ஸ் வராதும்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” அட்டையைத் திருப்பித் தள்ளினாள்.

அது காதில் விழுந்ததும் தம்பி எழுந்து வாசலுக்கு நடந்தான். சட்டையைப் பிடித்தேன். இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்தது.

“ஏட்டி, உள்ளதப் பறையிட்டி!” என்றேன் தம்பி பெண்டாட்டியிடம்.

“மெதுவா அத்தான்! மோளுக்க கல்யாணப் பேச்சு நடக்குது. அப்பனுக்கு வட்டு, கிறுக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான்?”

“மாப்பிள்ள வந்து நிக்கும்போ அப்பன் வேண்டாமாட்டி?”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கவுண்டரைப் பார்த்துக் கத்தினேன்: “மோளே, இவனுக்கு மனசுக்குத்தான் தீனம்! சாவணும்னு சொல்லுகான்! மனசு டாக்டரக் கூப்பிடு!”

வரிசை முழுக்கத் திரும்பியது. அதில் எங்கள் சபைக்காரர் ஒருவரும் நின்றார்.

தம்பி நின்றுவிட்டான். “மானத்த வாங்கிட்டியேண்ணே.”

“பெறவு திருப்பித் தாறேன். இப்ப இரிலே.”

கவுண்டர் பெண் எழுந்து டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். டாக்டர் அவனிடம் தனியாகப் பேசி, மனநலப் பிரிவில் சேர்க்க எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு அனுமதி வரச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை அவன் மணிக்கட்டை நான் விடவில்லை, மூத்திரம் போகும்போதுகூட.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான். தம்பி பெண்டாட்டி ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னாள். கர்த்தருக்கு நன்றி, போதகருக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, அட்டை தந்த அரசாங்கத்துக்கும் நன்றி. முன்வரிசையில் இருந்த என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சம்பந்தம் தவறிப்போனது. அது என் வாயால் என்று மட்டும் வீடு வீடாகச் சொல்கிறாள்.

சொல்லட்டும். ஆனால் சம்பந்தம் கெட்டது என்னால் என்றால், தம்பி உயிரோடு இருப்பதும் என்னால்தான். அதையும் அவள் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு, அதே சபையில், மைக்கில்.